டோலியில் போனவள்

அத்தியாயம் பதினொன்று

காலையில் சாமை மிஷினை ஓடவிட்டு உமி பறக்கத் தொடங்கிய நேரத்தில், கணியம்பாடியிலிருந்து ராணியம்மாள் சித்தி கூப்பிட்டாள். எடுத்த எடுப்பிலேயே அழுகை.

"அடிப்பாவி, எங்கிட்டகூட ஒரு வார்த்த சொல்லலியேடி! வயித்துல இருந்தது டோலியில போறப்பவே போயிடுச்சாமே! எதுத்த வூட்டுக்காரி போன்ல காட்டித்தான் எனக்குத் தெரியணுமா?"

பூங்கோதை மிஷினை நிறுத்தினாள்.

"சித்தி, எனக்குக் கொழந்தயே உண்டாவல. விரியன் கடிச்சிது. வேலூர் ஆஸ்பத்திரியில நீதான் எனக்குக் கஞ்சி ஊட்டுன. மறந்துட்டியா?"

மூக்குச் சிந்தும் சத்தம் நின்றது.

"ஊட்டுனேன்தான்... ஆனா போட்டோவுல அப்படித்தானே எழுதிக்கீது?"

பூங்கோதை போனை வைத்துவிட்டாள். தன் கையால் கஞ்சி ஊட்டிய சித்திக்கே தன் கையைவிட எதிர்வீட்டுக்காரியின் போன் பெரிதாகிவிட்டது. இனி ஊரை நொந்து என்ன பயன்?

படம் பொய்யில்லை. அதுதான் வேடிக்கை. நாலு வருஷத்துக்கு முன்னால் புளி உலுக்கப் போன இடத்தில் அவள் கணுக்காலில் கண்ணாடி விரியன் கடித்தது. நெல்லிக்கொல்லைக்கு அப்போது சாலை இல்லை. மூங்கில் கழியில் போர்வையைக் கட்டி, அதில் அவளைக் கிடத்தி, ஆண்கள் மாற்றி மாற்றித் தோள் கொடுத்துக் கீழே கொண்டுபோனார்கள். மாற்றுத்துணி மூட்டையை அவள் வயிற்றின்மேல் வைத்து, அதற்கும் மேலே இன்னொரு போர்வையைப் போர்த்தியிருந்தார்கள். கீழே காத்திருந்த ஆம்புலன்ஸ் டிரைவர் ஒரு படம் எடுத்து அனுப்பினார். அது அவள் புருஷன் வேடியப்பனின் போனில் சும்மா கிடந்தது.

போன வாரம் வேடியப்பனின் தம்பி ரஞ்சித் அதை எடுத்து ஊர் உலகத்துக்கு அனுப்பினான். 'ஜவ்வாது மலையில் நேற்று நடந்த கொடுமை. சாலை இல்லாததால் நிறைமாதக் கர்ப்பிணி டோலியில். வழியிலேயே சிசு மரணம். ஆள்வோரே, கண் இருக்கிறதா?'

அந்த மூட்டைதான் நிறைமாதம்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். பூங்கோதைக்குப் பிள்ளை இல்லை. மாமியார் உயிரோடு இருந்தவரை அதைச் சொல்லிக் காட்டாத நாளில்லை. மாமியார் போய்ச் சேர்ந்து, அந்தப் பேச்சும் ஓய்ந்து, அவள் பாட்டுக்கு மகளிர் குழு மிஷினை ஓட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்தாள். இப்போது முகம் தெரியாதவனெல்லாம் அவள் இழந்த பிள்ளைக்காகக் கண்ணீர்ப் பொம்மை போடுகிறான்.

சாமை குத்த வந்திருந்த பச்சையம்மா மெல்லப் பக்கத்தில் வந்தாள்.

"பூங்கோத, இன்னிக்கு கிராம சபைக்கு பி.டி.ஓ. அம்மா வர்றாங்களாம். அந்தப் போட்டோவ விசாரிக்கத்தான்னு பேசிக்கிறாங்க. ஆமா, மாசமாத்தான் இருந்தேன்னு சொல்லிடேன். ஒரு பொய் சொன்னா வாய் புழுத்துடாது."

"நீ கூடவா அக்கா?"

"எம் மருமவ ரம்யாவுக்கு மாசம் ஆவுது. மழ வேற வுடாம பேயுது. இவளயும் கழியில கட்டித்தான் தூக்கணும். ரோடு எந்தப் பொய்யில வந்தா எனக்கு இன்னா?"

பச்சையம்மா கேட்டது தவறென்று பூங்கோதையால் சொல்ல முடியவில்லை. அந்த மலையில் இந்த விஷயத்தில் நியாயமாகப் பேசிய ஒரே ஆள் அவள்தான். பொய்யைப் பொய் என்றே சொல்லிக் கேட்டாள்.

மற்றவர்கள் அப்படியா?

வீட்டுக்குப் போனபோது ரஞ்சித் போனைச் சுவரில் சாய்த்து வைத்து, கேமராவைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டிருந்தான். எதிர்க்கட்சியின் இணையதள அணியில் ஒன்றியப் பொறுப்பு. பொறுப்பு வந்த நாளிலிருந்து அவனுக்குக் கொல்லையில் இறங்கி வேலை செய்ய நேரமில்லை. சாப்பிட மட்டும் நேரம் தவறுவதில்லை.

"அண்ணி, இன்னிக்கு நீங்க பேசறத லைவ் போடறேன். நல்ல பொடவயா கட்டாதீங்க. கிழிஞ்சது ஏதாவது கீதா?"

"இருக்குது. உங்கண்ணன் வாங்கித் தந்தது எல்லாமே அப்படித்தான். எதுக்குடா அதுல கொழந்தன்னு எழுதுன?"

"பாம்புக்கடின்னு போட்டா எவன் பாப்பான்? பாம்பு டவுன்லயும்தான் கடிக்குது. கர்ப்பிணின்னாதான் மனசு இளகும். நம்ம குரூப்புலயே பெரிய அண்ணன் சொன்னாரு, மேட்டர்ல உயிர் இருக்கணும்னு."

"அதுக்காக என் வயித்துல ஒரு உயிர வெச்சி, நீயே சாவடிச்சிட்ட."

அவன் கொஞ்சமும் கூசவில்லை. "நீங்க தப்பா எடுத்துக்கறீங்க அண்ணி. ரோடு இல்லாதது நெஜமா இல்லயா?"

"நெஜம்."

"உங்கள டோலியில தூக்குனது?"

"நெஜம்."

"அப்புறம் இன்னா? உண்மய கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கேன். அவ்ளோதான்."

"அப்போ எங்கண்ணன் சேட்டு, ரோடு முழுசா போட்டாச்சுன்னு பிளெக்ஸ் வெச்சிக்கிறாரே, அது?"

"அது பிரச்சாரம். அப்பட்டமான பொய்ப் பிரச்சாரம்."

"நீ பண்றது?"

"இது விழிப்புணர்வு."

சொல்லிவிட்டுச் சீப்பைச் சட்டைப்பையில் செருகினான். பூங்கோதைக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அவளை டோலியில் தூக்கிய அன்று இந்த விழிப்புணர்வு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு திருப்பத்தூரில் ஏதோ மாநாட்டில் கோஷம் போட்டுக்கொண்டிருந்தது. செய்தி சொன்னதற்கு, 'தலைவர் பேசிக்கிட்டிருக்காரு, அப்புறம் கூப்புடு' என்று போனை வைத்தது.

சோறு கேட்டான். "போட்டுக்க" என்று பானையைக் காட்டிவிட்டு வெளியே வந்தாள்.

வெளியே அவள் அண்ணன் சேட்டு மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தார். ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர். ஒரு கையில் ஆரஞ்சுப் பழப் பை, இன்னொரு கையில் செருப்பு. மழைச் சேற்றில் வழுக்கிவிடுமென்று கழற்றியிருந்தார்.

ஜீப்பைச் சாலை முடியும் இடத்தில் விட்டுவிட்டு வந்திருப்பார். ஆம், இப்போது சாலை இருக்கிறது. போன வருஷம் போட்டார்கள். கீழிருந்து வளைந்து வளைந்து ஏறிவரும் தார்ச்சாலை, சேட்டுவின் நிலம்வரை வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது. அந்த நிலத்தில் அவர் மூன்று குடில் கட்டி, காவலூர் வானாய்வகத்துப் பக்கம் நட்சத்திரம் பார்க்க வரும் பெங்களூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். அங்கிருந்து நெல்லிக்கொல்லைக்கு அரைமணி நேர ஏற்றம். பாறையும் முள்ளும்தான்.

ஆனால் ஜமுனாமரத்தூர் சந்தையில் அவர் வைத்த பிளெக்ஸில், 'நெல்லிக்கொல்லைக்குச் சாலை தந்த செம்மலே' என்று எழுத்து. கீழே பளபளவென்று ஒரு சாலை, சாலையோரம் ஏரி, ஏரியில் படகு.

"அண்ணா, நெல்லிக்கொல்லயில படகு எப்போ வுட்டாங்க?" என்றாள், வந்தவரை வாங்க என்றுகூடச் சொல்லாமல்.

"ஏம்மா, பிளெக்ஸ் அடிக்கறவன் வெச்சிருந்த படத்தப் போட்டுட்டான். அது ஒரு வெளம்பரம். அதப்போயி..." பழப் பையை நீட்டினார். "பி.டி.ஓ. அம்மா கேப்பாங்க. அந்தப் படத்துல இருக்கறது நான் இல்லன்னு சொல்லிடும்மா. அது வேற ஸ்டேட் படம்னு நான் ஏற்கெனவே மறுப்பு போட்டுட்டேன். கம்ப்யூட்டர்ல செஞ்சதுன்னு கூட ஒருத்தன் நிரூபிச்சிட்டான்."

"இன்னான்னு நிரூபிச்சான்?"

"டோலி தூக்கறவனுக்கு ஆறு வெரல் தெரியுதாம்."

பூங்கோதை அண்ணனின் முகத்தையே பார்த்தாள்.

"முன்னால கழி தாங்கிக்கினு போறது யாரு?"

சேட்டு காலில் ஒட்டிய சேற்றைக் கல்லில் தேய்க்கத் தொடங்கினார்.

"சொல்லுண்ணா. மத்தவங்கல்லாம் தோள் மாத்துனாங்க. முன்னால இருந்த ஆளு மட்டும் கடசி வரைக்கும் மாத்தவே இல்ல. 'தூங்காதடி, தூங்காதடி'ன்னு வழி பூரா கத்திக்கினே வந்தான். அந்த ஆளு யாரு?"

"குனிஞ்சிக்கினு இல்ல போறேன்... மூஞ்சி தெரியல. யாருக்குத் தெரியப் போவுது?"

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அண்ணன் இத்தனை வருஷத்தில் உருப்படியாகச் செய்தது ஒன்றே ஒன்று. அதையும் கட்சிக்காகக் கம்ப்யூட்டரில் செய்ததாக்கிவிட்டார். பெற்ற பிள்ளையை மறுப்பவனைக் கண்டிருக்கிறாள். தன் தோளையே மறுப்பவனை இன்றுதான் கண்டாள்.

"அது நீ இல்லன்னா, நான் யாருக்குத் தங்கச்சி?" என்று கேட்டாள். "பழத்த எடுத்துக்கினு போ. குடிலுக்கு வர்றவங்களுக்குக் குடு."

அப்போது வேடியப்பன் மாட்டைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தான். மச்சானைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், தலையை ஆட்டிவிட்டு மாட்டோடு போய்விட்டான். அவன் அப்படித்தான். இரண்டு பக்கமும் தலையாட்டுவான். இரண்டு பக்கமும் அவனை நல்லவன் என்றார்கள்.

கிராம சபை கீழே பள்ளிக்கூட வளாகத்தில் கூடியது. தூறலுக்குத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். நெல்லிக்கொல்லை ஆட்கள் எல்லோரும் இறங்கி வந்திருந்தார்கள். ரம்யா வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மாமியாரின் கையைப் பிடித்தபடி மெல்ல மெல்ல இறங்கி வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு பக்கம் சேட்டுவும் அவர் ஆட்களும். மறுபக்கம் ரஞ்சித்தும் அவன் சகாக்களும். இரண்டு பக்கமும் போன்களைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். முதல் தீர்மானம் குடிநீரைப் பற்றி. அதை யாரும் காதில் வாங்கவில்லை. 'பொய்ப் பிரச்சாரம்' என்று இங்கிருந்து ஒரு சத்தம். 'நீதான்டா பொய்ப் பிரச்சாரம்' என்று அங்கிருந்து ஒரு சத்தம். ஒரே சொல்லைப் பந்தாக வைத்துக்கொண்டு எறிந்து விளையாடினார்கள். பந்து யாருடையது என்று இருவருக்கும் கவலையில்லை.

பி.டி.ஓ. அம்மா மேஜையைத் தட்டினார். "பூங்கோதை யாரும்மா? இந்தப் படத்தைப் பத்தி உங்களுக்குத் தெரியுமா?"

எழுந்தாள். கூட்டம் அடங்கியது. பச்சையம்மாவின் கண் அவள்மேலேயே இருந்தது. கர்ப்பம் என்று சொன்னால் ஒருவேளை சாலை வரும். இல்லை என்று சொன்னால் ஒருவேளை வராது. ஒரு சொல்தான்.  பூங்கோதை கிழிந்த புடவை கேட்டவனையும் ஆறு விரல் கதை சொன்னவரையும் பார்த்தாள். இவர்கள் எழுதிக் கொடுத்ததை வாசிக்கவா விரியன் கடித்தும் பிழைத்து வந்தாள்?

"அதுல இருக்கறது நான்தாங்க. கொழந்த பொய். எனக்குக் கொழந்த உண்டானதே இல்ல. பாம்பு கடிச்சி நாலு வருஷம் ஆவுது. நேத்து நடந்ததுன்னு போட்டதும் பொய்."

சேட்டுவின் பக்கம் விசில் பறந்தது.

"இருங்க, முடிக்கல. வேற ஸ்டேட்டுன்னு சொல்றதும் பொய். முன்னால தூக்கிக்கினு போறாரே, அது எங்கண்ணன். இதோ நிக்கறாரு. வெரல எண்ணிக்கிங்க."

இப்போது ரஞ்சித்தின் பக்கம் விசில். சிரிப்பு. சேட்டு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பூங்கோதை குரலை உயர்த்தினாள். "ரோடு எங்கண்ணன் குடிலோட நிக்குது. எங்க வூட்டுக்கு வர்ல. மாசமா இருக்கற பொண்ண பாக்கணும்னா இதோ, சொவத்தாண்ட ஒக்காந்துக்கீது. நடந்துதான் வந்திச்சி. நடந்துதான் ஏறணும். இத எழுதிக்கிங்கம்மா. மத்தத வுட்டாலும் இத எழுதிக்கிங்க."

ரம்யா வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு போனும் அவள் பக்கம் திரும்பவில்லை.

பி.டி.ஓ. அம்மா நல்ல மாதிரிதான். பேனாவை எடுத்தார். "படத்தில் சொல்லப்பட்ட சம்பவம் நடக்கலைன்னு ஆச்சு. வதந்தின்னு அறிக்கை குடுத்துடறேன். சாலைக்குத் தனியா மனு குடுங்கம்மா. அதுவும் இதுவும் ஒண்ணாச் சேராது."

சேராதுதான். நாலு வருஷமாக ஒன்றாகவே இருந்த டோலியையும் சாலையையும் ரஞ்சித் ஒரே வரியில் பிரித்துவிட்டான். உண்மையோடு ஒரு பொய்யைக் கட்டினான். பொய் விழுந்தபோது உண்மையையும் இழுத்துக்கொண்டு விழுந்தது.

வீடு திரும்பும் ஏற்றத்தில் பாதி வழியில் சிக்னல் கிடைக்கும் ஒரு பாறை உண்டு. அங்கே பச்சையம்மா போனை நீட்டினாள். "இதப் பாரு."

சேட்டுவின் ஆட்கள் போட்டிருந்தார்கள்: 'கொழந்த பொய். எனக்குக் கொழந்த உண்டானதே இல்ல.' அதோடு வெட்டு. கீழே, 'எதிர்க்கட்சியின் பிரச்சாரம் அம்பலம்!'

ரஞ்சித்தின் ஆட்களும் போட்டிருந்தார்கள்: 'அதுல இருக்கறது நான்தாங்க.' வெட்டு. 'ரோடு எங்கண்ணன் குடிலோட நிக்குது.' வெட்டு. 'ஆளுங்கட்சியின் பிரச்சாரம் அம்பலம்!'

இரண்டிலும் பேசுவது அவள்தான். இரண்டிலும் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. ரம்யாவைக் காட்டிப் பேசியது மட்டும் இரண்டு பக்கமும் இல்லை. அது யாருக்கும் உதவவில்லை போலும்.

"நீ நல்லாத்தான் பேசுன" என்றாள் பச்சையம்மா. அது ஆறுதலா, குற்றச்சாட்டா என்று சொல்ல முடியாத குரல். மருமகளின் இடுப்பில் கைகொடுத்து ஏறத் தொடங்கினாள். பூங்கோதை மறுகையைப் பிடித்துக்கொண்டாள். 

பொழுது சாயும் முன் வாசலில் ஆள் சத்தம். ஒரு ஏட்டய்யா சேறு அப்பிய பூட்ஸோடு மூச்சிரைத்து நின்றார். கூடவே சேட்டு. அவர் முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

"எங்க ஒன் கொழுந்தன்?" என்றார் தங்கையிடம். "வதந்தின்னு அதிகாரியே சொல்லியாச்சு. போன வாரமே புகார் குடுத்தேன். நம்பரக் கண்டுபுடிச்சிட்டாங்க. இனிமே எப்புடி எழுதறான்னு பாக்கறேன்."

உள்ளே இருந்து ரஞ்சித் வந்தான். சீவிய தலை கலைந்திருந்தது. பின்னால் வேடியப்பன்.

ஏட்டய்யா தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மடித்த தாளைப் பிரித்தார். "முதல்ல அந்தப் படம் போட்ட நம்பர்... பூங்கோதை, கணவர் பேர் வேடியப்பன். யாருங்க அது?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

ரஞ்சித் புது போன் வாங்கிய அன்று, 'என் ஆதார்ல ஒம்பது சிம்மு ஆயிடுச்சு அண்ணி, இனிமே தர மாட்டான், உங்களது குடுங்க' என்று கேட்டு வாங்கிப் போனான். ஜமுனாமரத்தூர்க் கடையில் அவளே விரல் வைத்தாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். ஆக, இல்லாத பிள்ளையைச் சுமந்தவளும் அவள். அதைச் சாகடித்தவளும் அவள். ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவளும் அவளே.

"இவனோடதுதான..." என்று சேட்டு வாயெடுத்து, பாதியில் நிறுத்தினார். தங்கையின் பேரில் தானே புகார் கொடுத்ததாகப் படகு விட்ட பிளெக்ஸுக்குக் கீழே பேசிக்கொள்வார்கள் என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

ரஞ்சித் வாயைத் திறக்கவில்லை. காலையில் அத்தனை விழிப்புணர்வு பேசிய வாய்.

பேசியது வேடியப்பன். நாள் முழுக்கத் தலையை மட்டும் ஆட்டியவன், பெண்டாட்டியைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போய்ச் சொன்னான்.

"நீயே போட்டேன்னு சொல்லிடு. பொம்பளன்னா எச்சரிச்சி வுட்டுடுவாங்க. அவன் சர்க்கார் பரீட்ச எழுதப் போறான். கேஸ் வந்தா அவன் வாழ்க்கயே போயிடும்."

"மாமா, அது நான் இல்லன்னு உனக்குத் தெரியும்தான?"

"தெரியும். அதுக்கு இன்னா இப்போ?"

சேட்டு ஓடி வந்தார். "மச்சான் சொல்றதுதாம்மா சரி. தெரியாம போட்டுட்டேன்னு சொல்லு. நான் புகார வாபஸ் வாங்கிக்கறேன். நம்ம குடும்பத்துக்குள்ளயே முடிஞ்சிடும். இன்னா ரஞ்சித்து?"

"ஆமாண்ணா" என்றான் ரஞ்சித். "அண்ணி, தெரியாம ஃபார்வர்டு ஆயிடுச்சுன்னு சொல்லுங்க. இவரும் நானும் சேந்து ஒரு விளக்கம் போட்டுடறோம்."

காலையிலிருந்து ஒரு சொல்லில்கூட ஒத்துப்போகாத இருவரும் இப்போது ஒருவர் சொல்லை ஒருவர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் கேஸிலிருந்து தப்ப வேண்டும். ஒருவர் கேலியிலிருந்து தப்ப வேண்டும். இதற்கு என்ன பெயர் வைப்பார்கள்? பிரச்சாரமா, விழிப்புணர்வா? பூங்கோதை கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள்.

"நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்கு வந்து ஒரு வாக்குமூலம் குடுத்தாப் போதும்மா" என்றார் ஏட்டய்யா.

"நாளைக்கி வரைக்கும் எதுக்குங்க? ராத்திரி பூரா இவங்க மூணு பேரும் எனக்குப் பாடம் எடுப்பாங்க."

உள்ளே போய் நல்ல புடவையாக ஒன்றை எடுத்துக் கட்டினாள். கூந்தலை அழுத்தி முடிந்துகொண்டு வெளியே வந்தாள்.

"வாங்க, போலாம்."

ஏட்டய்யா முன்னே இறங்கினார். அவள் பின்னே நடந்தாள். வேடியப்பன் ஒருதரம் கூப்பிட்டான். ரஞ்சித் கொஞ்ச தூரம் ஓடிவந்து, "அண்ணி, இன்னா சொல்லப் போறீங்க? அதையாவது சொல்லிட்டுப் போங்க!" என்று கத்தினான்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.